நாடகக்குழுவின் கூட்டறிக்கையில் கையெழுத்திட மறுப்பவருக்கு மேடையில் இடம் உண்டா?

அல்சூர் நடிகை எழுதிய கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் நான். பகலில் அலுவலகம், மாலையில் ஒத்திகை என்று பல ஆண்டுகளாகக் கன்னட நாடகங்களிலும் அவ்வப்போது தமிழ் நாடகங்களிலும் நடித்துவருகிறேன். ஹவ்யாசி ரங்கபூமி, அதாவது தொழில்முறை சாராத நாடக அரங்கு, என்று இந்நகரில் வழங்கும் வட்டத்தை அறிந்தவர்களுக்கு இந்த வாழ்க்கை புதிதல்ல. ஊதியம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடைப்பதில்லை. எழுத்தில் ஒப்பந்தமும் இருப்பதில்லை. அடுத்த நாடகத்தின் பிரதி வாசிப்புக்கு அழைப்பு வந்தால் நாம் குழுவில் இருக்கிறோம் என்று பொருள். வராவிட்டால் இல்லை என்று நாமே புரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் குழு பொது விவகாரங்களில் கருத்துச் சொல்லத் தயங்காதது. அதற்காகவே நான் அதில் சேர்ந்தேன். 2020 ஜனவரியில் பீதரில் பள்ளிச் சிறுவர்கள் நடித்த ஒரு நாடகத்துக்காகத் தலைமையாசிரியையும் ஒரு மாணவியின் தாயும் தேசத்துரோக வழக்கில் கைதுசெய்யப்பட்டபோதும், 2022 ஜூலையில் சிவமொக்கா மாவட்டத்து ஆனவட்டியில் ஒரு கன்னட நாடகத்தைக் கும்பலொன்று புகுந்து நிறுத்தியபோதும், குழு வெளியிட்ட கூட்டறிக்கைகளில் மனமுவந்து கையெழுத்திட்டேன். இன்று கேட்டாலும் இடுவேன்.

2023 செப்டம்பரில் மழை பொய்த்து, காவிரி நீரைத் திறந்துவிடும் ஆணையை எதிர்த்துப் பெங்களூரில் முழு அடைப்பு நடந்த நாட்களில் இன்னோர் அறிக்கை வந்தது. மண்டியா உழவர்களின் துயரத்தைச் சொன்ன பகுதிகளில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் அண்டை மாநிலத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் விடக் கூடாது என்ற ஒரு வரியும் அதில் இருந்தது. என் தாய்மாமன் குடும்பம் திருவாரூர்ப் பக்கம் குறுவை விதைத்துவிட்டுக் கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த வரியை நீக்கினால் கையெழுத்திடுகிறேன் என்று இயக்குநரிடம் தனியாகச் சொன்னேன். அவர் சினந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை; புரிகிறது என்றார். அறிக்கை அந்த வரியோடும், என் பெயர் இல்லாமலும் வெளிவந்தது.

அதற்குப் பிறகு எந்த வாசிப்புக்கும் எனக்கு அழைப்பு வரவில்லை. முன்பு நான் ஏற்று நடித்த பாத்திரம், அதே நாடகம் மீண்டும் மேடையேறியபோது இன்னொருவருக்குப் போயிற்று. காரணம் கேட்டால், இம்முறை வேறு வகை உடல்மொழி தேவைப்பட்டது என்கிறார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம் என்பதுதான் என்னை மிகவும் வதைக்கிறது. உடன் நடிக்கும் ஒரு தோழி மட்டும், நீ அன்றைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கலாமே என்றாள்.

இதை எழுதும்போது மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டி நான் நடித்துவந்த ஒரு தமிழ் அமைப்பில், நாடகம் முடிந்ததும் மேடையிலேயே தமிழ்நாட்டுக்கு ஆதரவான தீர்மானத்தை நான் வாசிக்க வேண்டும் என்று கேட்டார்கள். அதற்கும் மறுத்தேன். இப்போது அங்கும் நான் வேண்டாதவள்.

நாடகத்தின் அரசியலுக்கு உடன்பட்டுத்தான் நடிக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். நாடகத்துக்கு வெளியே, ஒவ்வொரு விவகாரத்திலும் குழுவின் சொல்லையே என் சொல்லாக அறிவிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியா? மும்பையிலும் தில்லியிலும் அரங்கில் இருப்பவர்களின் அனுபவத்தையும் அறிய விரும்புகிறேன்.

மாட்டுங்கா பார்வையாளர்:

சகோதரிக்கு வணக்கம். நான் நடிகன் அல்லன். மும்பையில் மராத்தி நாடகத்தை விடாமல் பார்த்துவரும் தமிழன். நீங்கள் எழுதியதில் என் மனத்தில் தைத்தது, காரணம் உண்மையாகவும் இருக்கலாம் என்று நீங்கள் சொன்ன இடம்தான்.

இந்த மாநிலத்தில் நாடகத்தை மேடையேற்றுமுன் பிரதியை அரசின் பரிசீலனை வாரியத்திடம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கும் முறை இருந்துவந்திருக்கிறது. அம்முறையை எதிர்த்து 2016இல் நடிகரும் இயக்குநருமான அமோல் பாலேகர் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அதற்கு வெகுகாலம் முன்பே, 1972இல், விஜய் டெண்டுல்கரின் 'சகாராம் பைண்டர்' நாடகத்துக்கு வாரியம் ஏராளமான வெட்டுகளைச் சொன்னபோது, அதன் இயக்குநர் கமலாகர் சாரங் நீதிமன்றத்தில் வாதாடி வென்றார். நம் தமிழ்நாட்டிலும் 1954ஆம் ஆண்டின் நாடக நிகழ்த்துதல் சட்டம் எம்.ஆர். ராதாவின் வாயை அடைப்பதற்காகவே வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடர்ந்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. அரசின் தடை எவ்வளவு கொடியதாயினும் அதற்கு ஒரு தாள் உண்டு. அந்தத் தாளில் தேதி உண்டு, கையொப்பம் உண்டு, அதை எடுத்துக்கொண்டு போய் முறையிட ஓர் இடம் உண்டு. உங்களுக்கு நேர்ந்ததற்கு அப்படி எந்தத் தாளும் இல்லை. வராத அழைப்பை எதிர்த்து எங்கே முறையிடுவது?

சொந்தக் குழுவே முட்டுக்கட்டை போட்டதற்கும் இங்கே புகழ்பெற்ற ஒரு முன்கதை உண்டு. அதே டெண்டுல்கர் எழுதிய 'காசிராம் கோத்வால்' 1972 டிசம்பரில் புணேயில் புரோகிரசிவ் டிராமட்டிக் அசோசியேஷன் என்ற குழுவால் மேடையேறியது. பேஷ்வாக்களின் அமைச்சராக இருந்த நானா பட்னவிஸையும் புணேப் பிராமணர்களையும் இழிவுபடுத்துகிறது என்ற எதிர்ப்பு எழுந்தது. பத்தொன்பது காட்சிகளோடு குழுவின் தலைமையே நாடகத்தை நிறுத்திவிட்டது. அப்போது இயக்குநர் ஜப்பார் படேலும் உடனிருந்தவர்களும் வெளியேறி 1973இல் தியேட்டர் அகாடமியைத் தொடங்கினார்கள். அதன் பிறகுதான் அந்த நாடகம் நாடறிந்ததாயிற்று. அவர்களால் அது முடிந்ததற்குக் காரணம் அவர்கள் சேர்ந்து வெளியேறியதுதான். தனியொரு நடிகை வெளியேறினால் அடுத்த வாசிப்புக்கு ஒரு நாற்காலி குறையும், அவ்வளவே. அதனால் உங்களை வெளியேறச் சொல்லும் அறிவுரைகளை அவசரப்பட்டு ஏற்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஜெயநகர் இயக்குநர்:

நான் பெங்களூரில் ஒரு சிறிய குழுவை நடத்துபவன். நீங்கள் குறிப்பிடும் குழு எனக்குத் தொடர்பில்லாதது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலே எழுதியவர்களோடு நான் பெரிதும் மாறுபடுகிறேன். ஆனாலும் உங்களுக்கு நேர்ந்தது நியாயம் என்று சொல்ல வரவில்லை.

நாடகக்குழு என்பது அலுவலகம் அன்று. ஊதியம் கொடுத்து வேலை வாங்கும் இடத்தில், ஊழியரின் அரசியல் முதலாளிக்குத் தேவையில்லாதது என்று சொல்லலாம். எங்கள் குழுவில் யாருக்கும் ஊதியம் இல்லை. அரங்க வாடகைக்கே கைக்காசு போடுகிறோம். எங்களைச் சேர்த்து வைத்திருப்பது நம்பிக்கை ஒன்றுதான். கர்நாடகத்தில் 1975இல் தோன்றிய சமுதாயா அமைப்பு ஊர் ஊராக நாடகம் கொண்டுபோனது நடிப்பின் மேல் உள்ள ஆசையால் மட்டும் அன்று. 1989ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் சாகிபாபாத் பக்கத்து ஜண்டாபூரில் தெருநாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது சஃப்தர் ஹாஷ்மி தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார். 4ஆம் தேதி அவருடைய மனைவி மலயஸ்ரீயும் அவருடைய குழுவான ஜன நாட்டிய மஞ்சின் தோழர்களும் அதே இடத்துக்குப் போய் அந்த நாடகத்தை முழுமையாக நடத்தினார்கள். நான் நடிக்க மட்டும் வந்தேன், மற்றவற்றில் என்னைச் சேர்க்காதீர்கள் என்று சொல்பவர்களைக் கொண்டு அப்படி ஒரு குழுவை அமைக்க முடியாது. ஆகவே, எந்த நம்பிக்கை உள்ளவர்களோடு வேலை செய்வது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை குழுவுக்கு உண்டு என்றே கருதுகிறேன்.

ஆனால் உங்கள் குழு செய்தது அந்த உரிமையின் பாற்பட்டதா என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது. காவிரி அறிக்கை உங்கள் குழுவின் நம்பிக்கையிலிருந்து பிறந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அச்சத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும். அந்த செப்டம்பரை நினைத்துப் பாருங்கள். ஒரு தமிழ் நடிகர் தம் படத்துக்காக இந்நகரில் நடத்திய செய்தியாளர் சந்திப்பை இடையிலேயே நிறுத்தினார்கள். மறுநாள் கன்னடத் திரையுலகம் திரண்டு காவிரிக்காக மேடையேறியது. அந்நாட்களில் எங்கள் காட்சிகளுக்கு நன்கொடை தருபவர்கள், அரங்கக்காரர்கள், அறிமுகமே இல்லாத இளைஞர்கள் எல்லாரும் உங்கள் குழுவின் நிலைப்பாடு என்ன என்று கேட்டார்கள். பெயர்ப்பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் இருக்கும் குழுக்களிடம் இரண்டு முறை கேட்டார்கள். காவிரியை ஒட்டித் தமிழர்கள்மேல் வன்முறை மூண்ட 1991ஐயும் 2016ஐயும் கண்ணால் பார்த்த ஊர் இது. குழுத் தலைவர் ஒருவர் அப்போது அறிக்கையை எழுதும்போது மனத்தில் இருப்பது ஆற்று நீர்ப் பங்கீடு அன்று. மேடைக்குக் கல் வரக் கூடாது என்பதுதான். தம்மேல் விழுந்த நெருக்கடியை அவர் கீழே உள்ளவர்களிடம் பகிர்ந்துகொடுத்துவிட்டார். அதைப் புரிந்துகொள்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. அச்சத்தால் எழுதப்பட்ட அறிக்கையை நம்பிக்கைக்கான தேர்வாக மாற்றி, அதில் தேறாதவரை ஒதுக்குவது தவறு. அதிலும் காரணத்தைச் சொல்லாமல் ஒதுக்குவது, தன் அரசியலைப் பற்றிப் பெருமைப்படும் எந்தக் குழுவுக்கும் ஆகாது.

ஒன்று கேட்கிறேன், அம்மா. கையெழுத்திட மறுத்ததை அவரிடம் தனியாகச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். குழுவின் கூட்டத்தில் எல்லார் முன்னிலும் ஏன் சொல்லவில்லை?

அல்சூர் நடிகை:

ஐயா, உங்கள் பதிலில் நான் அறியாத ஒரு பக்கம் இருந்தது, நன்றி. கூட்டம் என்று ஒன்று நடக்கவே இல்லை. வாட்ஸ்அப் குழுவில் அறிக்கை வந்தது; அடுத்த நாள் காலைக்குள் பெயரைச் சேர்க்கச் சொன்னார்கள். ஒருவர் பின் ஒருவராகப் பெயர்கள் விழுந்துகொண்டிருந்தபோது, அங்கே மறுப்பை எழுதினால், அந்த வாரத்தில், அந்த ஊரில், என் பெயரோடு அது படம்பிடிக்கப்பட்டு வெளியே போய்விடும் என்று அஞ்சினேன். வீட்டில் வயதான பெற்றோர் இருக்கிறார்கள். 1991 டிசம்பரில் எங்கள் தெருவில் நடந்தவை என் அம்மாவுக்கு இன்றும் மறக்கவில்லை.

சஃப்தரைப் பற்றி நீங்கள் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் ஜண்டாபூருக்குத் திரும்பிப் போனவர்கள் நாடகத்தை நடத்தப் போனார்கள். என்னையும் ஒரு நாடகத்தை நடத்த அழைத்திருந்தால் போயிருப்பேன். ஆனவட்டியில் நிறுத்தப்பட்ட நாடகத்தை எங்கள் குழு எடுத்திருந்தால் முதல் ஆளாக ஒத்திகைக்கு வந்திருப்பேன். என்னிடம் கேட்கப்பட்டது நடிப்பு அன்று, பெயர்.

மண்டி ஹவுஸ் பின்வரிசை:

தில்லியில் நிலைமை வேறு விதம். இங்கே கருத்துச் சொல் என்று வற்புறுத்துபவர்களைவிட, எதுவும் சொல்லாதே என்று வற்புறுத்துபவர்கள் அதிகம். நான் பின்னணி வேலை செய்பவன். ஒளியமைப்பும் மேடைப் பொருட்களும் என் பொறுப்பு. இந்தி, ஆங்கிலம், எப்போதாவது ராமகிருஷ்ணபுரத்துத் தமிழ்ச் சங்க மேடை என்று பல குழுக்களோடு வேலை செய்கிறேன். மத்திய கலாசார அமைச்சகத்தின் பொருளுதவியை நம்பி உயிர்வாழும் குழுக்கள் இங்கே நிறைய. ஒரு குருவுக்கும் அவருடைய கலைஞர்களுக்கும் மாதத் தொகை வரும் திட்டம் அது. அந்தத் தொகை தாமதமானால் காரணம் எவருக்கும் தெரியாது. தெரியாததாலேயே ஒவ்வொருவரும் ஒரு காரணத்தைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். போன ஆண்டு முகநூலில் எழுதியதாலா, அந்த ஊர்வலத்தில் நின்றதாலா என்று யோசிக்கத் தொடங்கிவிட்டால், பிறகு யாரும் தடுக்க வேண்டியதே இல்லை. நான் வேலை செய்த ஒரு குழுவில், உறுப்பினர்கள் தங்கள் சொந்தப் பக்கங்களில் அரசியல் எழுதக் கூடாது என்று வாய்மொழியாகவே விதி வந்தது. அந்த விதியை வகுத்தவர் மிக நல்லவர். இருபது பேரின் சோற்றுக்காக அதைச் செய்தார்.

ஜெயநகர் இயக்குநர் அவர்கள் நம்பிக்கையால் கூடிய குழுக்களைப் பற்றி எழுதினார். அப்படிப்பட்ட குழுக்களின் வரலாறும் அவ்வளவு நேரானதன்று. 1943இல் பம்பாயில் தொடங்கப்பட்ட இப்டா எனப்படும் இந்திய மக்கள் நாடக மன்றத்தைவிடப் பெரிய நம்பிக்கையால் கூடிய நாடக இயக்கம் இந்நாட்டில் இருந்ததில்லை. வங்கப் பஞ்சத்தை மேடைக்குக் கொண்டுவந்து அம்மன்றத்துக்குப் பெரும்புகழ் தேடித்தந்தவர்களில் ஒருவரான சம்பு மித்ரா 1948இல் விலகி பஹுரூபி என்ற நாடகக்குழுவைத் தொடங்கினார். உத்பல் தத் 1950களின் தொடக்கத்தில் அம்மன்றத்துக்குள் போய் அதிகக் காலம் தங்காமல் வெளியே வந்தார். இவர்கள் இருவரும் அரசியலுக்கு அஞ்சியவர்கள் அல்லர். உத்பல் தத்தின் கடற்படைக் கலக நாடகம் 1965இல் கல்கத்தாவின் மினர்வா அரங்கில் ஓடியபோது பெரிய நாளேடுகள் அதன் விளம்பரத்தை ஏற்க மறுத்தன, அவரை விசாரணையின்றிச் சிறையில் வைத்தார்கள், நாடகம் நிற்கவில்லை. அரசின் சிறையைத் தாங்கிய மனிதருக்குக்கூடத் தன் பக்கத்து அமைப்பின் நெருக்கம் மூச்சுமுட்டியிருக்கிறது என்றால், அல்சூர் சகோதரிக்கு ஏற்பட்ட உளைச்சலைக் கொள்கைப் பற்றின்மை என்று யாரும் எளிதில் தள்ளிவிடக் கூடாது.

எதிர்த்திசையிலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹபீப் தன்வீரின் சத்தீஸ்கர் நடிகர்கள் ஒரு பழைய நாட்டுப்புற நாடகத்தை நடத்தியதற்காக 1992ஐ ஒட்டியும் மறுபடி 2003இலும் கும்பல்களின் தாக்குதலைச் சந்தித்தார்கள். அந்த நடிகர்களில் பலர் கிராமத்துப் பாடகர்கள். அவர்கள் எந்த அறிக்கையில் கையெழுத்திட்டார்கள் என்று நான் எங்கும் படித்ததில்லை. கல் விழுந்த மேடையில் அவர்கள் நின்றார்கள் என்பதைத்தான் படித்திருக்கிறேன். நான் மேடைக்குப் பின்னால் நிற்பவன். அடுத்த நாள் யார் ஒத்திகைக்கு வருகிறார்கள் என்பதைப் பார்த்தே ஆளை எடைபோடக் கற்றுக்கொண்டேன்.

சங்கப் பதிவு:

சில அமைப்புகளின் நிர்வாகப் பணிகளைப் பெங்களூரில் கவனித்துவருபவன் என்ற முறையில், செய்யக்கூடியதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் குழு 1960ஆம் ஆண்டின் கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நன்கொடை வாங்கும் குழுக்கள் பெரும்பாலும் பதிவு செய்திருக்கும். பதிவு இருந்தால் விதிமுறை ஆவணம் இருக்கும். பொதுக்குழுவும் நிர்வாகக்குழுவும் இருக்கும். ஆண்டுக் கூட்டம் நடத்தியாக வேண்டும். சங்கத்தின் பெயரில் ஓர் அறிக்கை வெளிவர வேண்டுமானால் அதை நிர்வாகக்குழு தீர்மானமாக நிறைவேற்றட்டும். அறிக்கை சங்கத்தின் பெயரில் மட்டும் போகட்டும். உறுப்பினர் பெயர்களைக் கீழே அடுக்கும் வழக்கத்தை நிறுத்தினாலே உங்கள் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஏனென்றால், பட்டியல் என்று ஒன்று இருக்கும்போதுதான் அதில் யார் இல்லை என்று தேடுகிறார்கள். பெயரோடு சேர விரும்புபவர்கள் தனியே சேர்ந்து தனியே வெளியிடலாம். அதை யாரும் தடுக்கப்போவதில்லை.

இது வெறும் அலுவலக நடைமுறை என்று நினைக்க வேண்டாம். எழுத்தில் இருக்கும் ஒரு விதி எவ்வளவு பேரைக் காப்பாற்றும் என்பதற்கு அமெரிக்க அரங்கிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். 1947 முதல் ஹாலிவுட் தயாரிப்பாளர்கள் பொதுவுடைமையர் என்று ஐயப்பட்டவர்களுக்கு வேலை மறுத்தார்கள். தொலைக்காட்சியும் அவ்வாறே செய்தது. நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் அந்தக் கறுப்புப் பட்டியல் அதே அளவில் வேரூன்றவில்லை. அங்கே 1913 முதல் இயங்கிவந்த ஆக்டர்ஸ் ஈக்விட்டி என்ற நடிகர் சங்கம், அரசியலுக்காக வேலை மறுப்பதைக் கண்டித்து, 1950களின் தொடக்கத்தில் அதைத் தயாரிப்பாளர்களுடனான உடன்பாட்டுக்குள்ளும் கொண்டுவந்ததும் அதற்கு ஒரு காரணம். திரையில் வேலையிழந்த ஜீரோ மாஸ்டெல் மேடையில்தான் மீண்டும் எழுந்தார். 1964இல் 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' இசைநாடகத்தில் அவர் முதன்மைப் பாத்திரம் ஏற்றார். அதை இயக்கிய ஜெரோம் ராபின்ஸ், 1953இல் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் சக கலைஞர்களின் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தவர். மாஸ்டெலுக்கு அது நன்றாகத் தெரியும். அதை மறந்தார் என்றோ மன்னித்தார் என்றோ நான் சொல்லவில்லை. இருவரும் ஒரே நாடகத்தில் வேலை செய்தார்கள். அந்த நாடகத்தைத்தான் பிற்காலத்தில் ஜயந்த் காய்கிணி கன்னடத்தில் தந்தார். 2022இல் ஆனவட்டியில் நிறுத்தப்பட்டது அதுதான்.

அதே நாட்டில் இதற்கு மாறானதும் நடந்திருக்கிறது. 2008இல் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரத்து இசைநாடக அரங்கின் கலை இயக்குநர், ஒருபால் திருமணத்துக்கு எதிரான வாக்கெடுப்புப் பிரசாரத்துக்கு 1,000 டாலர் கொடுத்திருந்தது தெரியவந்ததும், எதிர்ப்புத் தாங்காமல் பதவி விலகினார். அவர் நிலைப்பாடு எனக்கு ஏற்புடையதன்று. அவரோடு வேலை செய்த தற்பால் ஈர்ப்புடைய கலைஞர்கள் எவ்வளவு புண்பட்டிருப்பார்கள் என்பதையும் உணர்கிறேன். தலைமையில் இருப்பவரின் நிலை வேறு, வாசிப்புக்கு அழைக்கப்படக் காத்திருக்கும் நடிகையின் நிலை வேறு என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் மேடைக்கு வெளியே ஒருவர் செய்ததற்கு மேடையில் விலை கேட்பது எந்த அளவில் நியாயம் என்று ஒரு குழு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளாவிட்டால், சினம் மிகுந்த நாளில் அது பேசப்படும். அன்றைக்கு யாருடைய குரல் உரத்ததோ அதுவே விதியாகிவிடும்.

பாத்திரத் தேர்வைப் பற்றி ஒரு சொல். யாருக்கு எந்த வேடம் என்பது இயக்குநரின் விருப்பம். அதில் எந்த விதிமுறையும் தலையிட முடியாது, தலையிடவும் கூடாது. ஆனால் வாசிப்புக்கு எல்லா உறுப்பினர்களையும் அழைக்க வேண்டும் என்று விதி எழுத முடியும். வேடம் கிடைக்காமல் போகலாம். அறைக்குள் நுழையும் வாய்ப்பு கிடைக்காமல் போகக் கூடாது.

ஜெயநகர் இயக்குநர்:

எல்லாரையும் வாசிப்புக்கு அழைப்பது என்ற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் குழுவிலும் இது இல்லை. நாங்களும் இதுவரை எங்களுக்குத் தோன்றியவர்களைத்தான் அழைத்துவந்தோம். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். குழுவில் சேரும் நாளிலேயே, இந்தக் குழு எவற்றைப் பற்றிப் பேசும், எவற்றைப் பற்றிப் பேசாது என்று சொல்லிவிட வேண்டும். கருத்துரிமை, சாதி, மேடைமேல் நடக்கும் வன்முறை ஆகியவற்றில் நாங்கள் பேசுவோம் என்று புதிதாக வருபவரிடம் நான் சொல்லலாம். நதிநீர்ப் பங்கீட்டில் உச்ச நீதிமன்றம் 2018இல் வகுத்த கணக்கைப் பற்றி ஒரு நாடகக்குழு அறிக்கை விடத்தான் வேண்டுமா என்று எங்கள் ஆட்களிடமே கேட்கப்போகிறேன். மழை குறையும் ஆண்டுகள் மறுபடியும் வரும். அப்போது யோசிக்க நேரம் இருக்காது.

அல்சூர் நடிகை:

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. எங்கள் குழு பதிவு செய்யப்பட்டதுதான். விதிமுறை ஆவணத்தின் நகலைப் பொருளாளரிடமிருந்து வாங்கிவிட்டேன். கூட்டறிக்கைகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அடுத்த பொதுக்குழுவில் வைப்பதற்காக இரண்டு திருத்தங்களை எழுதியிருக்கிறேன்: அறிக்கைகள் சங்கத்தின் பெயரில் மட்டும் வெளிவர வேண்டும், ஒவ்வொரு நாடகத்தின் முதல் வாசிப்புக்கும் உறுப்பினர் அனைவருக்கும் அழைப்பு அனுப்ப வேண்டும். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் தேவை. எனக்குக் கிடைக்காத வேடத்தை ஏற்று நடித்த பெண்ணிடமே வழிமொழியக் கேட்டேன். அவள் திருத்தங்களைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டாள். இயக்குநருக்கும் ஒரு படியைக் கூட்டத்துக்கு முன்பே நேரில் கொடுக்கப்போகிறேன். அவர் கூட்டத்தில்தான் முதல்முறையாக அதைப் பார்த்தார் என்று ஆகக் கூடாது. பொங்கல் நாடகத்தை நடத்தும் தமிழ் அமைப்பின் செயலாளருக்கும் இதே கருத்தை வைத்து ஒரு கடிதம் எழுதிவருகிறேன். நாடகம் முடிந்த மேடையில் தீர்மானம் வாசிக்கும் வேலையை நடிகர்களிடம் தராமல் நிர்வாகிகளே செய்ய வேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறேன்.